விசிறிக்கு ஊடே பாய்ந்த குண்டு

முதல் உலகப் போரில், 1915 கோடையில் பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானிகளைக் கதிகலங்க வைத்த ஜெர்மன் போர் விமானம் ஃபோக்கர் ஐன்டெக்கர், பறக்கும் திறமையில் சுமார் ரகம்தான். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துத் துணி போர்த்திய உடல், ஒற்றை அடுக்கு இறக்கை, 80 குதிரைத்திறன் எஞ்சின். பக்கவாட்டில் சாய வேண்டுமென்றால் கம்பிகளை இழுத்து இறக்கையையே முறுக்க வேண்டும். பின்னர் வந்த அதன் ஈ-3 ரகத்தில், பறந்துகொண்டிருக்கும்போதே விமானி கையால் பம்பு அடித்துப் பெட்ரோலைப் பின்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. சண்டைக்கு நடுவே இந்த வேலை வேறு!

பிறகு எதற்கு அத்தனை பயம்? துப்பாக்கி இருந்த இடம்தான் காரணம். விமானி பார்க்கிற திசையிலேயே சுட்டால்தான் குறி தப்பாது. ஆனால் மூக்கில் விசிறி சுற்றுகிறது. பிரெஞ்சு விமானி ரோலன் காரோ விசிறி அலகுகளில் எஃகுத் தகடு பொருத்தி, படுகிற குண்டு தெறித்துப் போகட்டும் என்று துணிந்து சுட்டார். மூன்று விமானங்களை வீழ்த்தியபின், 1915 ஏப்ரல் 18 அன்று ஜெர்மானியரிடம் பிடிபட்டார்.

அவருடைய விமானம் டச்சுக்காரரான அந்தோணி ஃபோக்கரின் பார்வைக்குப் போனது. தகட்டுக்குப் பதில் ஃபோக்கரின் ஆட்கள் வேறு வழி பிடித்தார்கள். எஞ்சினோடு சேர்ந்து ஒரு கேம் சக்கரம் சுழலும். அதன் மேடு, ஒரு தண்டைத் தள்ளும். தண்டு துப்பாக்கியின் விசையைத் தட்டும். அலகு குழல்முனையைக் கடந்துவிட்ட கணத்தில் மட்டுமே அந்தத் தட்டல் விழும். விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால், ஈரலகு விசிறியில் ஒரு நொடிக்குள் 40 முறை அலகு குறுக்கே வரும். அந்த இடைவெளிக்குள் குண்டு போய்விட வேண்டும்.

இரண்டே நாளில் இதைச் செய்து முடித்ததாக ஃபோக்கர் பின்னாளில் பெருமையடித்ததை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஃபிரான்ஸ் ஷ்னைடர் என்பவர் 1913-லேயே இப்படியொரு அமைப்புக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். ஆனால் போர்முனையில் வேலை செய்தது ஃபோக்கருடையது. 1915 ஜூலை 1 அன்று ஜெர்மன் விமானி குர்ட் விண்ட்கென்ஸ் அதைக்கொண்டு முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். இம்மெல்மான், போல்கே என்ற விமானிகளின் பெயர்கள் ஜெர்மனியெங்கும் பரவின. கருவி எப்போதும் ஒழுங்காக வேலை செய்ததா என்றால், இல்லை. இம்மெல்மான் தன் விசிறியையே சுட்டுக்கொண்டதும் உண்டு.

ரகசியம் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, போர்முனையைத் தாண்டிப் பறக்க விமானிகளுக்குத் தடை இருந்தது. ஆனாலும் 1916 ஏப்ரலில் ஓர் ஈ-3 முழுசாக பிரிட்டிஷாரிடம் மாட்டியது. பறக்கவிட்டுப் பார்த்தவர்கள், தங்களிடம் இருந்த மொரான் விமானமே இதைவிடத் தேவலை என்று கண்டார்கள். அதற்குள் நேச நாடுகள் இந்தச் சிக்கலையே சுற்றிக்கொண்டு போய்விட்டிருந்தன: பிரெஞ்சு நியூபோர்ட் 11 துப்பாக்கியை மேல் இறக்கைக்கு ஏற்றியது, பிரிட்டனின் டிஎச்-2 விசிறியையே விமானிக்குப் பின்னால் தள்ளிவிட்டது.