உங்களுக்குத் தெரியுமா? அறுந்த டிஎன்ஏவுக்கு இணை தேடும் ரெக்ஏ

நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் இரண்டு இழைகளும் அறுந்துபோனால், முதலில் வந்து பற்றுவது ரெக்பிசிடி என்ற புரதக் கூட்டு. அறுந்த முனையைப் பிரித்து அரித்துக்கொண்டே போகும் அது, ஜிசிடிஜிஜிடிஜிஜி என்ற எட்டெழுத்துக் குறியைக் கண்டதும் போக்கை மாற்றிக்கொள்கிறது. ஒற்றை இழையை வெளியே நீட்டி, அதன்மேல் ரெக்ஏ புரதத்தை ஏற்றிவிடுகிறது.

என்னைக் கேட்டால், அதிசயமே இதற்கு அடுத்ததுதான். ஒரு ரெக்ஏவுக்கு மூன்று எழுத்து என்ற கணக்கில் அது இழை நெடுகச் சுருளாகப் படிந்து, இழையைச் சுமார் ஒன்றரை மடங்கு இழுத்து நீட்டுகிறது. அதுவும் ஒரே சீராக அல்ல. மூன்று மூன்று எழுத்துகள் நெருங்கியே இருக்க, இடைவெளி விழுவது அந்தத் தொகுதிகளுக்கு நடுவில் மட்டும். 2008-இல் வெளியான படிக அமைப்பில் இது தெளிவாகத் தெரிந்தது. இப்படி நீண்ட இழை, சேதமில்லாத இன்னொரு பிரதியில் தனக்குப் பொருந்தும் வரிசையைத் தேடிப் பிடித்து, அங்கே இணை மாற்றிக்கொள்கிறது. அந்தப் பிரதியைப் பார்த்தே அறுந்த இடம் நிரப்பப்படுகிறது.

ரெக்ஏவுக்கான மரபணு, 1965-இல் ஆய்வாளர்கள் கிளார்க்கும் மார்குலீஸும் கண்டறிந்தது. ரெக்ஏவின் உறவான ராட்51 என்ற புரதம் நம் செல்களிலும் உண்டு. அதை டிஎன்ஏமேல் ஏற்றுவது பிஆர்சிஏ2 புரதம். பிஆர்சிஏ2 மரபணுவில் பழுது இருந்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது.