எடை குறைந்தது! அப்புறம்?

பார்சல் ஆபீசில் எனக்கு வேலை. பிறர் மூட்டையை நிறுத்து, ரசீது எழுதுகிறவன் நான். ஒரு நாள் இரவு டூட்டி. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். கையில் வேலை இல்லை. சும்மா இருக்கமாட்டாமல் பார்சல் தராசில் நானே ஏறி நின்றேன்.

91 கிலோ!

பக்கத்தில் இருந்த ஹமால் சிரித்துவிட்டார். "பாபு, இந்தப் பார்சலுக்கு என்ன சார்ஜ்?" என்று கேட்டார். எனக்கு அப்போது வயது 34. உயரம் 5 அடி 6 அங்குலம்.

மறு வாரம் ரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்கிறார்களே, அது 6.3. இந்தக் கணக்கு 5.7-ல் இருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். 6.5 ஆகிவிட்டால் வீட்டுக்குள் வந்தாயிற்று.

பயம் வந்தது. எட்டு மாதத்தில் 15 கிலோ குறைத்தேன். எப்படிக் குறைத்தேன் என்ற கதையை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கதை எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது. குறைந்த பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கைதட்டல் நின்றது

முதல் நாலைந்து மாதம் ராஜமரியாதை! லோக்கல் ரயிலில் தினமும் கூட வருகிறவர்கள், "என்னய்யா, பாதி ஆளாகிவிட்டீர்? ரகசியம் என்ன?" என்று கேட்டார்கள். பேன்டை டெய்லரிடம் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். ஒவ்வொரு தையலும் ஒரு மெடல் போல இருந்தது.

ஒன்பதாம் மாதம் யாரும் கேட்கவில்லை. பார்த்துப் பழகிவிட்டார்கள். புதிதாக வந்த பியூன், நான் பிறந்ததில் இருந்தே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

தராசும் கைதட்டுவதை நிறுத்திவிட்டது. முன்பு வாரம் முழுவதும் வாயைக் கட்டினால் அரைக்கிலோ குறையும். ஒரு சந்தோஷம். இப்போது வாரம் முழுவதும் வாயைக் கட்டினாலும் அதே 76. சம்பளம் இல்லாத ஓவர்டைம் பார்ப்பது போல இருந்தது. அந்தச் சலிப்பு நேரத்தில்தான் ஊருக்குப் போக லீவு கிடைத்தது.

"பம்பாயில் சோறு இல்லையா?"

நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஒன்றரை நாள் பயணம். திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டு வாசலில் கால் வைத்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"ஏய்யா, என்ன சீக்கு உனக்கு? பம்பாயில சோறு கெடைக்கலியா?"

எதிர்வீட்டுக்காரர் என் தம்பியைத் தனியே கூப்பிட்டு, "அண்ணனுக்கு வேலை கீலை போயிட்டாடே?" என்று விசாரித்தாராம். நம் ஊர்க் கணக்கில் பம்பாய்க்காரன் என்றால் தொந்தி இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் மணியார்டர் ரசீது எப்படியோ, அப்படித் தொந்தியும் ஓர் அத்தாட்சி!

கோயில் கொடை நேரம் வேறு. கறிச்சோறு, முறுக்கு, அதிரசம், அல்வா. மாமா வீட்டில் ஒரு நாள், சித்தி வீட்டில் ஒரு நாள். வேண்டாம் என்றால், "எங்க வீட்டுச் சோறு பிடிக்கலியோ?" என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல எந்த டாக்டரும் கற்றுக்கொடுப்பதில்லை. இருபது நாளில் நான்கு கிலோ ஏறிற்று. திரும்பும்போது ஒரு டின் முறுக்கும் இரண்டு கிலோ அல்வாவும் என்னோடு ரயில் ஏறின.

நான்கு கிலோ ஏறியது குற்றமே இல்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் குற்றம். தராசில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். தராசு பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், தராசைக் கண்டு ஒளிந்தேன். "எப்படியும் கெட்டுப்போயிற்று, இனி என்ன?" என்று சாயங்கால வடா பாவ் திரும்ப வந்தது. பிறகு அது இரண்டாயிற்று. மழைக்காலம் முடிந்தபோது 83 கிலோ.

அண்ணாச்சியின் கால்விரல்

எங்கள் ஆபீசில் ஓர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. எனக்கு முன்பே அவர் 14 கிலோ குறைத்துக் காட்டியவர். சர்க்கரை இறங்கியது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். அந்தச் சந்தோஷத்தில் அண்ணாச்சி ஆபீஸ் முழுவதற்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். தானும் நாலு சாப்பிட்டார்!

இரண்டே ஆண்டில் பழைய எடை வந்துவிட்டது. எடையின் பின்னாலேயே சர்க்கரையும் வந்தது. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் செருப்புக் கடித்த புண் தெரியவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "தம்பி, எடை குறைஞ்சதும் நோயி போயிட்டுன்னு நெனச்சேன். அது தெருமுனையில நின்னு டீ குடிச்சிக்கிட்டு இருந்திருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது அனுபவ உண்மை மட்டும் இல்லை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். நோய் வந்து ஆறு ஆண்டுக்கு மேற்படாதவர்கள். எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில், ஓர் ஆண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுப்பட்டது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம்! ஆனால், இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது.

(மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கவேண்டாம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும்.)

பசி பொய் சொல்லவில்லை

மனஉறுதி இல்லாதவன் என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் அவ்வளவு எளிதல்ல என்பது படித்த பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள் 50 பேருக்குப் பத்து வாரம் கடும் பத்தியம் கொடுத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. அதன்பின் ஓர் ஆண்டு கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. பசியைத் தூண்டும் சுரப்புநீர் அப்போதும் கூடுதலாகவே இருந்தது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புநீர்கள் குறைந்தே இருந்தன. அதாவது, இளைத்தவனுக்குப் பசி முன்னைவிட அதிகம். உடம்போ சிறிதாகிவிட்டதால் தேவைப்படும் சோறு முன்னைவிடக் குறைவு. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து, விட்ட எடையைப் பிடிக்க உடம்பு துரத்துகிறது.

இப்போது எடை குறைக்க ஊசி வந்திருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். வந்திருக்கிறது, விலையும் இருக்கிறது. ஆனால் அதை நிறுத்தினால்? அந்த மருந்துகளில் ஒன்றை நிறுத்தியவர்களை ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது.

ஆகவே, உற்சாகத்தை நம்பி ஓட்ட முடியாது. உற்சாகம் இல்லாத நாளிலும் தானாக நடக்கும் ஏற்பாடு வேண்டும். இதை நான் தாராவியில் ஒரு ரூமில் பார்த்தேன்.

எண்ணெய் பாக்கெட்டில் தேதி

திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டத்து ஆட்கள் எட்டுப் பேர். தையல் வேலை. முறைவைத்துச் சமைக்கிறார்கள். மூன்று பேருக்குச் சர்க்கரை. அதில் ஒருவர் 11 கிலோ குறைத்து, இரண்டு ஆண்டாக அப்படியே இருக்கிறார். செய்திக்காக வேறு வேலையாகப் போனவன், இவரைக் கண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சுவரில் தினசரி காலண்டர். அதில் சில தேதிகளில் "எ" என்று எழுதியிருந்தது. எண்ணெய் பாக்கெட் பிரித்த தேதி! ஒரு லிட்டர் பாக்கெட்டில் இருப்பது சுமார் 910 கிராம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராமுக்குள் என்று வைத்தால், எட்டுப் பேருக்கு ஒரு பாக்கெட் நான்கு நாள் வரவேண்டும். முன்பெல்லாம் இரண்டரை நாளில் காலியாகுமாம். இப்போது நான்கு நாளுக்கு முன்பே தீர்ந்தால், அன்று சமைத்தவர் அடுத்த பாக்கெட்டைத் தன் காசில் வாங்கவேண்டும். இதைவிட நல்ல சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

சோற்றை அவர்கள் விடவில்லை. மதியம் ஒரு வேளை சோறு. தட்டில் பாதி காய், கீரை. வெந்தயக்கீரை மலிவாகக் கிடைக்கும் நாட்களில் அதுவே. இரவில் சோளம் அல்லது கம்பு ரொட்டி. இங்கே ஜ்வாரி, பாஜ்ரி என்று கேட்டால் எந்த மாவு மில்லிலும் அரைத்துத் தருவார்கள். தாத்தா காலத்தில் நாம் சாப்பிட்ட அதே கம்புதான். முளைகட்டிய மட்கி, அதாவது நரிப்பயறு, குழம்பில் போகிறது. மீன் என்றால் தார்லியும் பாங்டாவும். நம்முடைய சாளையும் அயிலையுமே அவை. வறுப்பதில்லை, குழம்பு மட்டும்.

"கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எட்டுப் பேரும் ஒண்ணைத்தான் திங்கோம். எனக்குன்னு தனிப் பத்தியம் வச்சிருந்தா ஒரு மாசத்துல விட்டிருப்பேன் சார்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். எட்டு மாதமும் எனக்கென்று தனியாக உப்புச் சப்பில்லாத ஒன்றைச் சமைக்கச் சொல்லி அவளைப் படுத்தியிருந்தேன். இப்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அவளுடைய வெங்காயச் சாம்பாரைத் தடைசெய்தது எவ்வளவு மடத்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் செய்த மாற்றங்கள் சில்லறையானவை. ஒரு நாளைக்கு ஆறு கட்டிங் சாய் குடிப்பேன். கட்டிங்குக்கு ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒன்பது ஸ்பூன், 45 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இப்போது இரண்டு கட்டிங்தான். அதில் சர்க்கரையை விட்டுவிடவில்லை. அது இல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. சாயங்காலம் ஆறு மணிப் பசிக்கு டிபன் பாக்சின் மேல்தட்டில் வேகவைத்த கடலை. வடா பாவ் கடையைத் தாண்டும் முன்பே அது வயிற்றுக்குள் போயிருக்கவேண்டும். தாண்டும்போது பசி இருந்தால் நான் தோற்றேன். சயானில் இறங்கவேண்டியவன் மாட்டுங்காவில் இறங்கி நடக்கிறேன். அரை மணி நேரம். மழையில் மட்டும் விலக்கு.

வடா பாவை ஒரேயடியாக விலக்கவில்லை. சம்பள நாளன்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 300 கலோரி. தெரிந்தே, உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிடுகிறேன்.

ஒரு நாள் தவறினால்?

அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13 கிலோவுக்கு மேல் இளைத்து, ஓர் ஆண்டுக்கு மேல் அப்படியே இருப்பவர்களின் பட்டியல் அது. ஆயிரக்கணக்கானவர்கள் பதிந்திருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரி ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், பெரும்பாலும் நடைதான். இரண்டு முதல் ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டால் அதன்பின் எடை திரும்புவது குறைகிறது என்பதும் அந்தப் பதிவேட்டில் கண்டது.

லண்டனில் 96 பேரை வைத்து, ஒரு காரியம் பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் கெட்டுவிடவில்லை! ஊரில் சாப்பிட்ட இருபது நாள் அல்வாவைவிட, அதன்பின் தராசைப் பார்க்காமல் ஒளிந்த மாதங்களே என்னைக் கெடுத்தன என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

இப்போது திங்கட்கிழமைதோறும் காலையில் தராசு. கூடினாலும் குறைந்தாலும் டூட்டி டயரியின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். இரண்டு கிலோ கூடினால் அந்த வாரமே கணக்குப் பார்க்கவேண்டும் என்று விதி. 83-ல் இருந்து திரும்ப இறங்க ஏழு மாதம் பிடித்தது. முதல் தடவையைவிட மெதுவாகத்தான் இறங்கியது. சர்க்கரை இப்போது 5.8. அண்ணாச்சியும் டூட்டிக்கு வந்துவிட்டார். தினமும் மதியம் இருவரும் டிபன் பாக்சை ஒன்றாகத் திறக்கிறோம். ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதால் ஏமாற்ற முடிவதில்லை.

வரும் கொடைக்கும் ஊருக்குப் போகவேண்டும். டிக்கெட் போட்டாயிற்று. போன வாரம் அம்மாவிடம் போனில் பேசினேன். எடை என்று சொல்லவில்லை. சர்க்கரை என்று சொன்னேன். அண்ணாச்சியின் விரலைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப சாளைக் குழம்பு வைக்கட்டாய்யா?" என்றாள்.

"வைம்மா."

"அல்வா?"

"கொடை அன்னைக்கி ஒரு துண்டு."

"ரெண்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நேற்று திங்கட்கிழமை. 77.2 கிலோ. ஹமால் எட்டிப் பார்த்து, "ரசீது போடவா, பாபு?" என்று கேட்டார்.