ரிசர்வ் வங்கி குறைத்த வட்டி நம் கடைக்கு எப்போது வரும்?

ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தால், நம் ஓ.டி.க்குப் பிடித்திருப்பது பழைய வட்டிதான். "அப்படியானால் குறைத்தது யாருக்கு?" என்று வியாபாரிகள் கேட்பது நியாயமே.

ரிசர்வ் வங்கி குறைப்பது ரெப்போ வட்டியை. அதாவது, வங்கிகள் அதனிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் பணத்தின் வட்டி. ஆனால் வங்கிகள் நமக்குத் தரும் பணத்தில் பெரும்பகுதி மக்கள் போட்ட டெபாசிட். ஓராண்டு, மூன்றாண்டு என்று ஒப்புக்கொண்ட டெபாசிட் வட்டியை நடுவில் குறைக்க முடியாது. பழைய விலைச் சரக்கு கிடங்கில் இருக்கும்போது, சந்தை இறங்கினாலும் நாம் உடனே விலையை இறக்கத் தயங்குகிறோம் அல்லவா? வங்கியும் அப்படித்தான். டெபாசிட்டையே நம்பி வங்கிகள் நடக்கும் வளரும் நாடுகள் பலவற்றிலும் இந்தத் தாமதம் உண்டு.

புதிய முறை

2010 ஜூலையில் வந்த அடிப்படை வட்டி, 2016 ஏப்ரலில் வந்த எம்.சி.எல்.ஆர். இரண்டும் வங்கி தன் செலவைத் தானே கணக்கிட்டு நிர்ணயிப்பவை. எனவே பலன் மெதுவாகவே வந்தது. 2019 அக்டோபர் 1 முதல், குறு, சிறு தொழில்களுக்குத் தரும் புதிய மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

2019 ஜனவரியில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ, 2020 மே மாதம் 4 சதவீதமானது. ரூ.5 லட்சத்தை முழுதும் பயன்படுத்தும் கடைக்கு இந்த 2.5 சதவீதம் ஆண்டுக்கு ரூ.12,500. ஆனால் 2022 மே முதல் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் மீண்டும் 6.50 ஆனதையும் மறக்கக்கூடாது. இறங்கும் வேகத்திலேயே ஏறவும் செய்யும்.

நாம் செய்ய வேண்டியது

1. கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, வட்டி எதனுடன் இணைக்கப்பட்டுள்ளது, எப்போது மாறும் என்று பாருங்கள்.

2. பழைய முறையில் இருந்தால், புதிய முறைக்கு மாற முடியுமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று மேலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

3. 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம். முன்னுரிமைக் கடனுக்கு அது உதவும்.

சரக்கில் கிலோவுக்கு ஐம்பது பைசா பேரம் பேசுகிற நாம், வட்டியிலும் கேட்டு வாங்கத் தயங்கலாமா?