பிக்கப் வண்டியின் தொட்டி மூடி

பிக்கப் வண்டியின் தொட்டி மூடி என்பது ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த நிலையில் உள்ள சரக்குத் தொட்டியை மேலிருந்து மூடும் உறை அல்லது பலகை ஆகும். மழை, பனி, தூசி, திருட்டு ஆகியவற்றிலிருந்து சரக்கைக் காப்பது இதன் பணி. ஆங்கிலத்தில் இது டானோ கவர் எனப்படும். பிக்கப் வண்டியை அன்றாட ஊர்தியாகப் பயன்படுத்தும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இது பெரும்பாலும் வண்டி வாங்கிய பின் தனியாக வாங்கிப் பொருத்தப்படுகிறது. கடையில் பல வகைகள் இருப்பதால் தோற்றத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குவோர் உண்டு. ஆனால் தொட்டியில் எதை ஏற்றுகிறோம், எத்தனை முறை திறக்கிறோம் என்பவையே தேர்வின் அடிப்படை.

பெயரும் தோற்றமும்

டானோ என்பது பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்த கார்களின் பின் இருக்கைப் பகுதி இப்பெயரால் அழைக்கப்பட்டது. அப்பகுதியில் ஆள் இல்லாதபோது விரிக்கப்பட்ட துணி உறையின் பெயரே பின்னர் பிக்கப் வண்டியின் மூடிக்கும் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் மாடல் டி காரில் சரக்குத் தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அந்நிறுவனத்தின் எஃப் வரிசை, 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் பிக்கப் வரிசையாக உள்ளது.

வகைகள்

1. சுருள் உறை: வைனைல் பூசிய துணியாலானது. பாயைப் போல ஓட்டுநர் அறைப் பக்கம் சுருட்டிக் கட்டலாம். விலை குறைவு, எடை குறைவு. முழுத் தொட்டியும் உடனே திறந்துவிடும். கத்தியால் கிழிக்க முடியும் என்பது இதன் குறை.

2. மடிப்பு மூடி: மூன்று அல்லது நான்கு பகுதிகளாக மடங்கும். துணியால் ஆனதும் உண்டு. அலுமினியப் பலகையால் ஆனதும் உண்டு. பலகை வகை திருட்டுக்கு நன்கு ஈடுகொடுக்கும். சிலவற்றை முழுவதும் மடித்து நிறுத்தினால் பின்கண்ணாடி மறையும்.

3. ஒற்றைப் பலகை மூடி: கண்ணாடியிழையால் செய்யப்பட்டு, வண்டியின் நிறத்திலேயே வண்ணம் பூசப்படும். பெட்டியின் மூடிபோல ஒரு முனையில் உயரும். உறுதியானது. உயரமான பொருளை ஏற்ற வேண்டுமானால் முழு மூடியையும் கழற்ற வேண்டும். அதற்கு இருவர் வேண்டும்.

4. உள்ளிழுப்பு மூடி: கடைகளின் ஷட்டரைப் போல, அலுமினியப் பட்டைகள் தொட்டியின் முன்புறமுள்ள ஒரு பெட்டிக்குள் செல்லும். வேண்டிய அளவு மட்டும் திறக்கலாம். அந்தப் பெட்டி தொட்டியில் ஓரளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். தண்டவாளத்தில் மண்ணும் பனிக்கட்டியும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை ஆயிரம் டாலரைத் தாண்டும்.

5. கூண்டு: ஓட்டுநர் அறையின் உயரத்துக்கு எழும் சன்னல் வைத்த மூடி. இடம் மிகுதி. ஆனால் எளிதில் கழற்ற இயலாது.

அளவெடுத்தல்

ஒரே பெயருள்ள வண்டியும் பல தொட்டி நீளங்களில் வருகிறது. ஃபோர்டு எஃப்-150இல் 5.5 அடி, 6.5 அடி, 8 அடி என மூன்று உண்டு. எனவே பின்கதவை மூடிவைத்து, முன்சுவரின் உட்புறத்திலிருந்து பின்கதவின் உட்புறம் வரை அளக்க வேண்டும். மாதிரியின் ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல மூடிகள் தொட்டியின் பக்கச் சுவர் விளிம்பைக் கவ்விப் பிடிப்பவை. அவ்விளிம்பின்மேல் பிளாஸ்டிக் உள்ளுறை ஏறியிருந்தாலோ, குறுக்கே கருவிப்பெட்டி இருந்தாலோ பொதுவான மூடி பொருந்தாது.

மழையும் பனியும்

பெரும்பாலான மூடிகள் நீரைத் தடுப்பவையே தவிர, நீர் அறவே புகாதவை அல்ல. பின்கதவின் இடுக்குகள் வழியாகவும் நீர் வரும். ரப்பர் பட்டைகளும் வடிகுழாய்களும் இதைக் குறைக்கும். இருப்பினும் சிமெண்டு மூட்டை, காகிதம், மின்கருவி போன்றவற்றைத் தனியாகப் பொதிவதே நல்லது.

பனி பெய்யும் ஊர்களில் மூடி தாங்கும் எடையைக் கேட்டறிய வேண்டும். 1.7 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள மூடியின் பரப்பு 2.55 சதுர மீட்டர். அதன்மேல் 30 செ.மீ. பனி நின்றால் அதன் கன அளவு 0.765 கனமீட்டர். ஈரப்பனி கனமீட்டருக்கு 300 கிலோ எனக் கொண்டால் சுமை ஏறத்தாழ 230 கிலோ. துணி உறை இதைத் தாங்காது. தொய்ந்து சட்டம் வளையும்.

பூட்டு

மூடியில் பூட்டு இருந்தாலும் பின்கதவில் பூட்டு இல்லையென்றால் பயன் இல்லை. பின்கதவை இறக்கினால் சரக்கை எளிதாக இழுத்துவிடலாம். இரண்டும் சேர்ந்து பூட்டப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எரிபொருள் மிச்சம்

மூடி பொருத்தினால் காற்றின் தடை குறைந்து எரிபொருள் மிச்சமாகும் என்று விளம்பரங்கள் கூறும். திறந்த தொட்டியிலும் பின்கதவு மூடியிருக்கும்போது உள்ளே ஒரு காற்றுச் சுழல் உருவாகி, மேலே வரும் காற்றை ஓரளவு வழுக்கி அனுப்புகிறது. அதனால் மூடியால் கிடைக்கும் மிச்சம் சிறிதளவே. அதற்காக மட்டும் மூடி வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

பாதுகாப்பு

தொட்டி மூடி சரக்கைக் கட்டும் கயிறு அல்ல. மூடியின் கீழும் சரக்கு நகரும். திடீரென நிறுத்தும்போது முன்சுவரில் மோதும். மூடி பாதி திறந்திருந்தால் காற்று இலேசான பொருள்களைச் சாலையில் எறியும். வண்டிகளிலிருந்து விழுந்த பொருள்கள் உள்ளிட்ட சாலைக் கழிவுகளால் 2011 முதல் 2014 வரை அமெரிக்காவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகளும் 500க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளும் நேர்ந்ததாக ஏ.ஏ.ஏ. போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை மதிப்பிட்டுள்ளது. சரியாகக் கட்டாத சரக்கு விழுந்து ஒருவர் பலத்த காயமடைவதைக் குற்றமாக்கும் சட்டத்தை வாஷிங்டன் மாநிலம் 2005இல் இயற்றியது. ஆகவே தொட்டியின் கொக்கிகளில் சரக்கைக் கட்டிய பிறகே மூடியை மூட வேண்டும். கட்டும் கொக்கிகளை மறைக்காத மூடியைத் தேர்வதும் தேவை.

இதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய தொட்டிக்குள் ஆளை ஏற்றுவது. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தொட்டிக்குள் இழுக்கப்படலாம். இவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. பிக்கப் வண்டியின் பின்பகுதியில் பயணம் செய்து இவ்வாயுவால் பாதிக்கப்பட்ட 20 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1992இல் வெளியானது. அவர்களுள் 17 பேர் மூடிய கூண்டுக்குள்ளும் 3 பேர் தார்ப்பாயின் கீழும் இருந்தவர்கள். 15 பேர் நினைவிழந்தனர். ஒரு குழந்தை இறந்தது. மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பாகத் தோன்றும் மூடியே நச்சுவாயுவை உள்ளே தேக்கிவைத்தது. வளர்ப்பு விலங்குகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கூண்டு வைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1994 மாதிரி முதல் அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் உயரத்தில் மூன்றாவது நிறுத்த விளக்கு கட்டாயம். கூண்டு அதை மறைக்குமானால் கூண்டின் பின்புறத்தில் தனி விளக்கு இருக்க வேண்டும்.

யாருக்கு எது?

நாள்தோறும் கருவிகளை ஏற்றி, தெருவில் வண்டியை நிறுத்தும் தச்சருக்கும் மின்பணியாளருக்கும் பூட்டக்கூடிய பலகை மடிப்பு அல்லது உள்ளிழுப்பு மூடி ஏற்றது. குளிர்பதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள் போன்ற உயரமானவற்றை அடிக்கடி ஏற்றுவோருக்கு முழுவதும் விலகும் சுருள் உறை போதும். பயணப் பெட்டிகளை மழையிலிருந்து காக்க விரும்பும் குடும்பத்துக்குத் துணி மடிப்பு உறை போதுமானது. ஆண்டு முழுவதும் ஒரே வகைப் பொருளை ஏற்றுவோர் ஒற்றைப் பலகையையோ கூண்டையோ தேர்வு செய்யலாம்.