நம்பிக்கைக்கும் காலம் உண்டு

எமது இளைஞர்கள் ஆங்கிலத்தில் எழுதும் வேலை விண்ணப்பங்களில் 'ஐ விஷ் யூ வில் கோல் மீ' என்ற பிழை தலைகாட்டுவதுண்டு. அங்கு வரவேண்டியது 'ஐ ஹோப்' என்பதாகும். இரண்டும் விருப்பத்தையே குறிப்பதால் எழும் மயக்கம் இது.

நடக்கக்கூடியதை எதிர்பார்ப்பது 'ஹோப்'. எதிர்காலத்தைப் பற்றியதாயினும் அதன்பின் நிகழ்கால வினை வரலாம்: 'ஐ ஹோப் ஷீ பாஸஸ்'. 'ஐ ஹோப் ஷீ வில் பாஸ்' என்பதும் சரியே. 'விஷ்' என்பதோ பெரும்பாலும் இல்லாத ஒன்றுக்கு ஏங்குவது; அப்போது அதன்பின் இறந்தகால வடிவம் வரும். 'ஐ விஷ் ஐ ஹேட் அ ஜொப்' என்றால் இன்று வேலையில்லை என்பதே பொருள்.

இன்னும் கவனத்துக்குரியது 'ஐ ஹேட் ஹோப்ட்' என்னும் தொடர். எதிர்பார்த்தோம், அது நிறைவேறவில்லை என்பதை அது உணர்த்தும். காணாமற்போன மகனுக்காகத் தாயொருத்தி கொடுக்கும் மனுவில், 'அவன் திரும்பி வருவான் என நம்புகிறேன்' என்பதை எழுதிக்கொடுப்பவர் இவ்வாறு மாற்றிவிட்டால் என்னாகும்? அவள் கைவிடாத நம்பிக்கையைக் கடிதம் கைவிட்டுவிடும்.

இலக்கணம் பரீட்சைப் புள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. பிறருக்காக எழுதுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.