ட்ரெமலோ கிட்டாரில் சுருதி நிற்காதது ஏன்? கடற்கரை ஊரில் என்ன செய்யலாம்?

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்ட் 5-ல் பெருவிழாவுடன் நிறைவடையும். திருவிழா என்றில்லை, முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய இந்தக் கரை நெடுக, ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரும் இருப்பது சாதாரணம். கல்லூரி கல்ச்சுரல்ஸ், கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரி என்று வேறு மேடைகளும் உண்டு. எந்த மேடையாக இருந்தாலும் கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்பார்: “அண்ணே, டியூன் நிக்கவே மாட்டேங்கு!”

கீபோர்டின் சுருதி மாறாது. பாடுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். இரண்டாவது பாட்டிலேயே கிட்டார் லேசாக இறங்கினால்கூட காதில் நெருடும். வாசிப்பவர் பேசாமல் வால்யூமைக் குறைத்துவிட்டு ஒப்பேற்றுவார். மறுநாளே ஆன்லைனில் விலை கூடிய டியூனிங் கீ செட் ஒன்றை ஆர்டர் போடுவார். பெரும்பாலும் அந்தக் காசு வீண்தான். ஏனென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

ட்ரெமலோ எப்படி வேலை செய்கிறது?

பிரிட்ஜில் செருகி, கையால் அழுத்தும் கம்பிக் கைப்பிடியை ‘ட்ரெமலோ ஆர்ம்’ அல்லது ‘வாமி பார்’ என்பார்கள். 1954-ல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை வெளியிட்டபோது அதில் வந்த அமைப்பைத்தான், இன்று விற்கும் மலிவு விலை கிட்டார்கள் வரை பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. சத்தம் கூடிக் குறைவதற்குத்தான் ட்ரெமலோ என்று பெயர். சுருதி ஏறி இறங்கினால் அது வைப்ரேட்டோ. ஃபெண்டர் மாற்றி வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அமைப்பு எளிமையானது. தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆறு கம்பிகள் பிரிட்ஜை முன்னால் இழுக்கின்றன. மறுபக்கம், கிட்டாரின் முதுகில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதைப் பின்னால் இழுக்கின்றன. சாதாரண 10-46 கம்பி செட்டின் மொத்த இழுவிசை சுமார் 47 கிலோ. ஒரு மூட்டை சிமென்ட் தொங்குவதுபோல! ஸ்பிரிங்குகளும் அதற்குச் சமமாக ஈடுகொடுத்தாக வேண்டும். அதனால்தான் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடுகின்றன. தராசின் ஒரு தட்டில் எடை குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் டியூன் போகிறது?

பாரை அழுத்தினால் கம்பி தளரும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். எங்கேயாவது உராய்ந்து சிக்கிக்கொண்டால் திரும்பாது. துருப்பிடித்த கிணற்றுக் கப்பியில் கயிறு திக்கித் திக்கி வருமே, அதே கதை.

சிக்கும் இடங்கள் மூன்று. முதலாவது ‘நட்’. கிட்டார் கழுத்தின் முனையில், கம்பிகள் பள்ளத்தில் உட்கார்ந்து போகும் சின்னப் பட்டை இது. இரண்டாவது, மெல்லிய கம்பிகளை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் குட்டிக் கொக்கி. மூன்றாவது, பிரிட்ஜ் சாய்ந்து எழும் விளிம்பு.

தூத்துக்குடியில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். காற்றில் வரும் உப்பு உலோகத்தின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வீட்டு கேட்டும் பைக் செயினும் துருப்பிடிக்கும் ஊரில் கிட்டார் கம்பி மட்டும் தப்புமா? வாசிப்பவரின் வியர்வையிலும் உப்புதான். கம்பி சொரசொரப்பானால் நட்டின் பள்ளத்தில் உராய்வு கூடும். பிரிட்ஜின் ஸ்க்ரூக்களும் துருப்பிடித்து இறுகிவிடும்.

கோளாறு எங்கே? இரண்டு நிமிடச் சோதனை

ஃபோனில் டியூனர் ஆப் போதும். சத்தமான இடமென்றால் கிட்டார் தலையில் மாட்டும் கிளிப் டியூனர் நல்லது. ஆறு கம்பிகளையும் சரியாக டியூன் செய்யுங்கள். பாரை ஒருமுறை நன்றாக அழுத்திவிட்டு விடுங்கள். இப்போது ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள்.

• ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் சுருதி ஏறியிருந்தால், நட்டில் சிக்குகிறது. மூன்றாவது கம்பியான ‘ஜி’ இதில் பேர்போனது. அந்தக் கம்பியை விரலால் ஒருமுறை வளைத்து இழுத்துவிட்டதும் சுருதி பழைய இடத்துக்கு இறங்கினால் சந்தேகமே வேண்டாம், நட்தான். டியூன் செய்யும்போது ‘டிங்’ என்று சத்தம் வருவதும் அதற்கு அடையாளம்.

• ஒரு கம்பி மட்டும் இறங்கியிருந்தால், டியூனிங் கீயில் சுற்று நழுவுகிறது. அல்லது புதுக் கம்பி இன்னும் முழுதாக இழுபடவில்லை.

• ஆறும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால், பிரிட்ஜ் முழுதாகத் திரும்பவில்லை. விளிம்பையும் ஸ்க்ரூக்களையும் பார்க்க வேண்டும்.

சரிசெய்வது எப்படி?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

1. கம்பியை மாற்றுங்கள். துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தராசு சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கீயில் இரண்டு, மூன்று சுற்று போதும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கிச் சுற்றுங்கள். மாட்டியதும் கம்பியை மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி டியூன் செய்யுங்கள். இழுத்தும் சுருதி இறங்காத வரைக்கும் இதைச் செய்ய வேண்டும்.

2. நட்டுக்குப் பென்சில் தீட்டுங்கள். கம்பியைப் பள்ளத்திலிருந்து தூக்கி, பழைய பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டிவிட்டு, 2பி பென்சில் முனையைப் பள்ளத்தில் தேயுங்கள். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் நல்ல வழுவழுப்பைத் தரும். கொக்கியின் அடியிலும் தேயுங்கள். தடித்த கம்பி செட்டுக்கு மாறியிருந்தால் பள்ளம் போதாமல் இருக்கலாம். அதை ராவி அகலப்படுத்துவது அனுபவக்காரர் வேலை. ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

3. பிரிட்ஜ் விளிம்பைக் கவனியுங்கள். பழைய பாணி பிரிட்ஜில் முன்னால் ஆறு ஸ்க்ரூ இருக்கும். அவற்றை முழுதாக இறுக்கிவைத்தால் பிரிட்ஜ் அசைய முடியாது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பிரிட்ஜ் தாராளமாகச் சாய்ந்து எழும் அளவுக்கு ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் லூஸாக்குங்கள். இரண்டு தூண் மட்டுமே உள்ள மாடலில், கம்பி முறுக்கோடு இருக்கும்போது தூணைத் திருகாதீர்கள். கத்தி போன்ற விளிம்பு மழுங்கிவிடும்.

4. தராசைச் சமன் செய்யுங்கள். டியூன் செய்தபின் பிரிட்ஜின் பின்பக்கம் கிட்டார் உடலிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் பொதுவாகச் சரி. அதைவிடத் தூக்கிக்கொண்டு நின்றால், பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று இறுக்குங்கள். மறுபடி டியூன், மறுபடி பார்வை. நாலைந்து முறை செய்தால்தான் நிலைக்கு வரும். பொறுமை வேண்டும்.

பாரே வேண்டாம் என்றால்?

இதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள். பாடகர் குழுவிலோ மெல்லிசைக் கச்சேரியிலோ வாசிக்கும் பலர் அந்த பாரை மாட்டுவதே இல்லை. அப்படியானால் தராசு எதற்கு? ஐந்து ஸ்பிரிங்குகளையும் மாட்டி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும் வரை தகட்டை இறுக்கிவிடுங்கள். கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது. பாடலை முடித்துவிடலாம். பிரிட்ஜ் தாழ்வதால் கம்பியின் உயரத்தை மட்டும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். பின்னாளில் மனம் மாறினால் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் போதும்.

மாறாக, பாரைத் தரை தொடும் அளவுக்கு அழுத்தி வாசிக்கும் ராக், மெட்டல் ரசிகரா நீங்கள்? உங்களுக்காகவே 1970-களின் பிற்பகுதியில் ஃபிலாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியை இறுக்கிப் பூட்டிவிடுவது. கம்பி நட்டில் நழுவ இடமே இல்லை என்றால் சிக்கவும் வழியில்லை. ஆனால் கம்பி மாற்றவே அரை மணி நேரமாகும். பூட்டும் டியூனிங் கீ வாங்குவதும் தப்பில்லை. கீயில் நழுவும் பிரச்சினை தீரும். நட்டில் சிக்குவதை அது தீர்க்காது.

மேடைக்கு முன்னால்

ஏசி அறையிலிருந்து வெளி மேடைக்கு வந்ததும் டியூன் செய்யாதீர்கள். வெப்பத்தில் கம்பி விரிந்து சுருதி இறங்கும். கால் மணி நேரம் கிட்டாரை அங்கேயே வைத்திருந்துவிட்டு டியூன் செய்யுங்கள். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். கூடிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிகளை மேலும் கீழும் துடைத்து, பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் கிட்டாரைத் தொங்கவிட்டால் ஃபோட்டோவுக்கு அழகாக இருக்கும். கம்பி ஆயுசு பாதியாகும்.

எல்லாம் முடிந்தபின் அந்த இரண்டு நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பாரை அழுத்தி விட்டதும் டியூனரின் முள் நடுவிலேயே நின்றால், கீ வாங்க வைத்திருந்த காசுக்கு இரண்டு செட் கம்பி வாங்கி வையுங்கள். அடுத்த திருவிழாவுக்கு உதவும்.