கழுவாத ரோலுக்குள் என்ன இருக்கிறது?

பிலிம் கேமராவில் ஷட்டரை அழுத்திய நொடியிலேயே படம் விழுந்துவிடுகிறது. ஆனால் கழுவும்வரை அதை யாரும் பார்க்க முடியாது. பார்த்துவிடலாம் என்று வெளிச்சத்தில் இழுத்தால் உள்ளதும் போய்விடும். ஊர் சுற்றிவிட்டு நாலைந்து ரோல்களோடு வீடு திரும்பும் என்னைப் போன்ற பொழுதுபோக்குப் படக்காரர்கள் பையில் எதைத்தான் சுமந்து வருகிறோம்?

பிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு. அதற்குள் கோடிக்கணக்கான வெள்ளி புரோமைடு படிகங்கள். ஒளி பட்டதும் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரான் விடுபட்டு ஓடி, ஏதாவது ஒரு மூலையில் மாட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து ஒட்டி வெள்ளி அணுவாகிறது. இப்படி ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும். டெவலப்பரில் போடும்போது அந்தப் படிகம் முழுக்கக் கறுத்த வெள்ளியாக மாறிவிடும். நூறு கோடி மடங்கு வரை போகும் பெருக்கம் இது. ஒளி படாத படிகங்களை ஹைப்போ என்ற கரைசல் கரைத்துக் கழித்துவிடுகிறது.

எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் அந்த மூலைக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கதை உண்டு. ஜெலட்டின், மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சுவது. ஒரு கொள்முதலில் வந்த ஜெலட்டின் அருமையான பிலிமைத் தரும், அடுத்தது சொதப்பும். காரணம் புரியாமல் கம்பெனிகள் பல வருஷம் விழித்தன. 1925-ல் கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்டு முடிச்சை அவிழ்த்தார். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியிலிருந்த கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் துளி தங்கிவிடுகிறது; அது படிகத்தின் மேல் வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்குகிறது; எலக்ட்ரானைப் பிடிப்பது அந்தப் புள்ளிகள்தான். கடுகைப் பற்றிய பழமொழியை இங்கே நான் சொல்லத் தேவையில்லை.

கருப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாம். பிலிமைச் சுருளில் ஏற்றி, ஒளி புகாத டேங்க்குக்குள் வைத்து மூடுவது மட்டும் கும்மிருட்டில், விரல் தடவலில் நடக்க வேண்டும். பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ, கடைசியில் தண்ணீர். சொட்டச் சொட்ட எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வானம் கறுப்பாகவும், கோபுரத்து நிழல் கண்ணாடி போலவும், உடன் வந்தவரின் தலைமுடி வெளுத்தும் தெரியும். துணிக் கிளிப் மாட்டிக் குளியலறைக் கொடியில் தொங்கவிடும்போதுதான் பயணம் முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

கழுவாமலே விட்டால் அந்த நான்கு வெள்ளி அணுக்கள் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்? 1897 ஜூலையில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே, ஸ்ட்ரின்ட்பெரி, ஃப்ரேங்கெல் மூவரும் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார்கள். மூன்றாவது நாளே பலூன் பனியில் இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் நடந்து வெள்ளைத் தீவை அடைந்தவர்கள் அங்கேயே இறந்துபோனார்கள். 1930-ல் அந்த முகாம் கண்டுபிடிக்கப்பட்டபோது ஸ்ட்ரின்ட்பெரி எடுத்த பிலிம்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெரி என்பவர் அவற்றைப் பக்குவமாகக் கழுவினார். சுமார் 240 படங்களில் 93 தேறின. அதில் ஒன்றில், சரிந்து கிடக்கும் பலூனை இருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 33 வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த காட்சி அது.

அந்தப் படங்களைக் காப்பாற்றியதில் துருவக் குளிருக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பமும் ஈரமும்தான் பிலிமுக்கு எமன். 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பிலிம் ஆலை ஊட்டிக்குப் போனதும் குளிரையும் தூசியில்லாத காற்றையும் தேடித்தான். அங்கே தயாரான 'இந்து' பிலிமைப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள்; ஆனால் ஆலை மூடிவிட்டது.

ஆகவே, பயணத்தில் ரோலை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரேக்குத் தப்ப, விமான நிலையத்தில் செக்-இன் பெட்டியில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பைகளுக்கு இப்போது வந்துள்ள சி.டி. ஸ்கேனர்களும் பிலிமைக் கெடுக்கும் என்பதால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு பீரோவில் அப்பாவோ அத்தையோ கழுவாமல் விட்ட ரோல் ஏதாவது கிடந்தால் காலாவதி என்று குப்பையில் போட வேண்டாம். கலர் ரோலாக இருந்து நிறம் செத்திருந்தாலும், கருப்பு வெள்ளை முறையில் கழுவினால் உருவம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பிலிம் கழுவத் தெரிந்தவரிடம் அதைக் கொடுத்து, எந்த வருஷத்து ரோல் என்பதையும் சொல்லுங்கள்.